வாகேஷாவில் பறந்த பந்து

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் ஜெயிப்பதற்கு எது முக்கியம்? பந்தோடு ஓடுவதா, பந்தை எறிவதா?

பதில்: எறிவதுதான். ஆனால் எறிதல் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1913-ல் நோட்ரடாம் அணியின் கஸ் டோரைஸும் நூட் ராக்னியும் ராணுவக் கல்லூரி அணியை 35-13 என்று வீழ்த்தியபோதுதான் முன்னோக்கி எறியும் உத்தி பிறந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். ராக்னியைப் பற்றி 1940-ல் வந்த சினிமாவும் அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டது. அது தவறு. 1905 பருவத்தில் இந்த ஆட்டம் குறைந்தது 18 உயிர்களைக் குடித்தது. ஆளோடு ஆள் மோதும் நெரிசலைக் கலைக்க, 1906-ல் முன்னோக்கி எறிவதற்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தச் செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சினின் வாகேஷா ஊரில், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விட்டது. அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பிறகு 20 கெஜம் எறிந்தார், ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச்டவுன்! பயிற்சியாளர் எடி காக்கெம்ஸின் அந்த அணி அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது. பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியவள் இன்னொருத்தி என்று ஆனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி ஓட்டத்துக்கு வருவோம். அதிகம் ஓடிய அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறது என்று புள்ளிவிவரத்தை நீட்டுவார்கள். எண்ணிக்கை சரி, காரணம்தான் தலைகீழ். முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தைக் கரைப்பதற்காக ஓடுகிறது. எறிந்த பந்து பிடிபடாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், ஓடினால் பெரும்பாலும் நிற்காது. மழை பெய்ததால் குடை விரிந்ததே தவிர, குடை விரிந்ததால் மழை பெய்யவில்லை. எண்ணிக்கையை விட்டு ஒவ்வொரு முயற்சியின் விளைச்சலைப் பாருங்கள். தொழில்முறை ஆட்டத்தில் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு கெஜத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். எறிதலில், தவறியவற்றையும், பந்தை எறியும் வீரரான குவாட்டர்பேக் வீழ்த்தப்பட்டு இழந்த தூரத்தையும் கழித்த பிறகும், ஆறு கெஜம் தேறும்.

ஒரே பருவத்தில் 2,000 கெஜத்துக்கு மேல் ஓடிய வீரர்கள் 2024 வரை ஒன்பது பேர். 1997-ல் 2,053 கெஜம் ஓடிய பாரி சாண்டர்ஸின் அணி, பருவத்துக்குப் பிந்தைய முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. அதே பருவத்தில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றவர்கள் 1998-ல் டெரல் டேவிஸ், 2024-ல் சாக்வான் பார்க்லி, இருவர்தான். அந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சிறந்த வீரர் விருது யாருக்குப் போனது? எறிந்த குவாட்டர்பேக்குகளான ஜான் எல்வேக்கும் ஜேலன் ஹர்ட்ஸுக்கும்.

குவாட்டர்பேக் பாப் கிரீஸி ஏழே முறை எறிந்தும் மயாமி அணி எட்டாவது சூப்பர் பவுலை வென்றதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது 1974 ஜனவரி. பந்தைப் பிடிக்க ஓடுபவரை வழியெல்லாம் இடித்துத் தள்ள அன்று தடையில்லை. ஐந்து கெஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்ற விதி 1978-ல்தான் வந்தது. அதோடு ஆட்டத்தின் பொருளாதாரமே மாறிவிட்டது. அதிகம் எறிந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பின்தங்கிய அணியும் நிறைய எறியும். பெய்டன் மேனிங் 2013-ல் 5,477 கெஜம் எறிந்து சாதனை படைத்தார், இறுதி ஆட்டத்தில் அவர் அணி 43-8 என்று தோற்றது. பருவத்தில் அதிக கெஜம் எறிந்தவரே சூப்பர் பவுலையும் வெல்வதற்கு 2022-ன் பேட்ரிக் மஹோம்ஸ் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை எறிந்தார் என்பதைவிட, ஒவ்வொரு எறிதலும் எவ்வளவு தந்தது என்பதே கேள்வி.

கேள்வி: சரி, அந்தப் பந்து ஏன் கூர்முனையோடு இருக்கிறது? பன்றித்தோலா?

பதில்: பேர்தான் பன்றித்தோல், தைப்பது மாட்டுத்தோலில். பழைய பந்துகளுக்குள் காற்றடைத்த பன்றியின் சிறுநீர்ப்பை இருந்ததால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கூர்முனை பிந்தி வந்தது. எறிவதற்குத் தோதாக 1930-களில் பந்தை ஒல்லியாக்கினார்கள். அதற்கு முன்பு அது தர்பூசணிபோலப் பருத்திருக்கும், ஒரு கைக்குள் அடங்காது. வாகேஷாவில் ராபின்சன் 20 கெஜம் எறிந்தது அந்தப் பருத்த பந்தைத்தான்.