கிணற்று நீரும் மீன் தெரிவும்: வீட்டில் கப்பி வளர்த்தல்

இவ்வலகைக் கற்றபின், வீட்டு நீருக்கேற்ற அலங்கார மீனைத் தெரிவு செய்யவும் அதனை முறையாகப் பராமரிக்கவும் மாணவர் ஆற்றல் பெறுவர்.

1. நீரை அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. செம்மண்ணின் கீழுள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் சேரும் மழைநீரே உடுவில் முதலிய ஊர்களின் கிணறுகளுக்கு ஆதாரம். இப்பாறையிலிருந்து கல்சியம் இருகாபனேற்று கரைவதால் கிணற்று நீர் வன்னீராக உள்ளது. அதன் பீ.எச். பெறுமானமும் பொதுவாக 7 இலும் கூடியது. சவர்க்காரம் எளிதில் நுரைக்காமையும், கேத்தலின் அடியில் வெண்படிவு தோன்றுதலும் வன்னீரின் அடையாளங்கள்.

2. மீனைத் தெரிதல்

பின்வரும் இரண்டும் சிறிய, சாதுவான நன்னீர் மீன்கள்.

அ. கப்பி: தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்குரியது. குட்டி ஈனும். வன்னீரில் நன்கு வளரும்.

ஆ. செரி பாப்: இலங்கைக்கே உரியது. 1929 இல் பி.இ.பி. தெரணியகல இதனை விஞ்ஞான முறைப்படி விபரித்தார். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான சிற்றோடைகளில் வாழும். முட்டையிடும். சற்று அமிலத்தன்மையான மென்னீரே இதன் இயற்கைச் சூழல்.

உள்நாட்டு மீன் என்பதனால் மட்டும் எமது கிணற்று நீர் அதற்கு உகந்ததாகிவிடாது. தொடக்கநிலையில் வளர்ப்போர் கப்பியைத் தெரிவதே சிறந்தது. செரி பாப் வளர்ப்பதாயின் பண்ணையில் பெருக்கப்பட்ட மீன்களை வாங்கி, கிணற்று நீருடன் தூய மழைநீரைக் கலந்து பயன்படுத்தலாம்.

3. தொட்டியும் மீன்களின் எண்ணிக்கையும்

60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் 25 சென்ரிமீற்றர் உயரத்திற்கு நீர் உள்ளதெனக் கொள்க.

நீரின் கனவளவு = 60 × 30 × 25 = 45 000 கன சென்ரிமீற்றர் = 45 லீற்றர்

மீனின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் நீளத்திற்கும் 2 லீற்றர் நீர் எனக் கணித்தால், 3 சென்ரிமீற்றர் நீளமான ஆண் கப்பிகள் 7 வளர்க்கலாம். பெண் கப்பி ஏறத்தாழ மாதமொருமுறை குட்டி ஈனும். ஆதலால் ஆண்களை மட்டும் வளர்த்தால் தொட்டியில் நெரிசல் ஏற்படாது.

4. அமோனியாவின் தீங்கு

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகும். வடிகட்டியில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் போதியளவு பெருகுவதற்கு 4 தொடக்கம் 6 வாரங்கள் செல்லும். பீ.எச். பெறுமானமும் வெப்பநிலையும் உயரும்போது அமோனியம் அயனின் கூடிய பங்கு நச்சு அமோனியாவாக மாறும். எனவே காரத்தன்மையான எமது கிணற்று நீரில் மிகையான உணவு விரைவில் கேடு விளைவிக்கும்.

5. பராமரிப்பு

• முதலில் 2 அல்லது 3 மீன்களை மட்டும் விடுக. ஏனையவற்றைச் சில வாரங்களின் பின் சேர்க்க.
• இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவு உணவே இடுக.
• வாரமொருமுறை காற்பங்கு நீரை, அதாவது ஏறத்தாழ 11 லீற்றரை, மாற்றுக.
• கிணற்றுக்குக் குளோரீன் இட்டிருப்பின் அந்நீரை உடனே பயன்படுத்தலாகாது. குளோரீன் நீக்கி இட்டபின் பயன்படுத்துக.
• வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து அகற்றிய நீரிலேயே அலசுக.
• வேண்டாத மீன்களைக் குளத்திலோ கேணியிலோ விடலாகாது. கப்பி எமது நாட்டுக்கு அந்நிய இனமாகும்.

6. மாதிரி வினா

புதிய 45 லீற்றர் தொட்டியில் 20 கப்பிகள் ஒரே நாளில் விடப்பட்டு, நாளுக்கு மூன்று முறை மிகையாக உணவு இடப்பட்டது. ஐந்தாம் நாள் இரண்டு மீன்கள் இறந்தன. ஏனையவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடின.

(i) காரணம் யாது?
(ii) உடனடியாகச் செய்ய வேண்டியவை யாவை?

விடை:

(i) பற்றீரியாக்கள் பெருகுமுன் மீன்களும் உணவும் அளவுக்கு மிஞ்சியமையால் அமோனியா அதிகரித்தமை.

(ii) இறந்த மீன்களையும் எஞ்சிய உணவையும் அகற்றல், நீரில் பாதியளவை அதே வெப்பநிலையுடைய குளோரீனற்ற நீரால் மாற்றல், காற்றூட்டல், ஒரு நாள் உணவை நிறுத்தல், மேலதிக மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றல்.

குறிப்பு: "தொட்டியையும் வடிகட்டியையும் முற்றாகக் கழுவுதல்" என எழுதுவது தவறு. அவ்வாறு செய்யின் பயனுள்ள பற்றீரியாக்களும் நீங்கிவிடும். எஞ்சிய மீன்களும் இறக்க நேரிடும்.