நெடுநாள் உறங்கி மீளும் மார்புப் புற்றுநோய்

சத்திரசிகிச்சைக்குப்பின் 5 ஆண்டு நலமாயிருந்தால் புற்றுநோயை மறந்துவிடலாம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. சில புற்றுநோய்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஈஸ்திரோசன் என்னும் ஓமோனைப் பற்றி வளரும் மார்புப் புற்றுநோய்க்கோ பொருந்தாது. அவ்வகை நோயுற்று, 5 ஆண்டு ஓமோன் சிகிச்சை பெற்று, நோயின்றியிருந்த 62,923 பெண்களின் வரலாற்றை ஆராய்ந்த அறிக்கையொன்று 2017 இல் வெளிவந்தது. அதன்படி, 20 ஆம் ஆண்டுவரை நோய் மீளுதல் ஓயாது நிகழ்ந்தது. கட்டி சிறிதாயிருந்து, அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதிருந்தோரிலும் 100 க்கு 13 பேருக்கு அக்காலத்துள் உடலின் பிறவிடங்களில் நோய் தோன்றிற்று.

இத்தனை காலமும் நோய் எங்கிருந்தது? முதற்கட்டியினின்றும் பிரிந்த கலங்கள் சில, பெருகாது உறங்கிக் கிடந்தன. 1889 இல் ஸ்ரீபன் பஜெற் என்னும் ஆங்கில வைத்தியர் இக்கலங்களை வித்துக்கும், அவை தங்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். எலும்பு, நுரையீரல், ஈரல் ஆகியனபோலத் தோலும் அத்தகைய நிலங்களுள் ஒன்று.

பழைய தழும்பிலோ அதன் அயலிலோ பயற்றளவான கெட்டி முடிச்சொன்று எழும். சிலருக்குத் தோல் சிவந்து, கிருமித்தொற்றுப் போலப் பரவும். அரிதாக உச்சந்தலையில் மயிருதிர்ந்த திட்டாகவும் தோன்றும். முடிச்சுப் பெரும்பாலும் நோவதில்லை. தீங்கும் அங்கேயே உளது. நோகாத கட்டிக்கு வைத்தியரை நாடுவார் யார்? பூச்சிக்கடி என்று எண்ணெய் தடவிவிடுவர். வைத்தியரும், 15 ஆண்டுக்கு முந்திய சத்திரசிகிச்சை தமக்குச் சொல்லப்படாவிடின், களிம்பெழுதிக் கொடுத்தல் கூடும்.

ஆடவர் கல்லூரி மலரில் இப்பொருள் ஏன் என வினவுவாரும் உளர். சட்டைக்குள் மறைந்த கட்டியைப் பற்றித் தாய் மகனிடம் எளிதிற் பேசாள். மகனே வினவுதல் வேண்டும். அன்றியும், அரிதாயினும் ஆடவர்க்கும் இந்நோய் உண்டு.

மீண்ட நோய்க்குச் சிகிச்சை இல்லையென்று கைவிடுதலும் தவறு. 1895 இல் கிளாஸ்கோவிலே ஜோர்ஜ் பீற்சன் என்பார், மார்பை அகற்றியபின் அவ்விடத்தே நோய் மீண்ட இளம்பெண்ணொருத்தியின் சூலகங்களை நீக்கினார். கட்டிகள் சில மாதங்களிற் கரைந்தன. ஈஸ்திரோசன் என்னும் பெயரே அக்காலத்தில் இல்லை. அவ்வோமோனைத் தடுக்கும் குளிசைகள் இன்று உள. ஆயின், தோலிலிருந்து சிறுதுண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கியபின்னரே அவை தரப்படும். முதற்கட்டிக்கிருந்த ஓமோனைப் பற்றுந் தன்மை மீண்ட கட்டியில் மாறியிருத்தல் கூடுமாதலின், அதனையும் புதிதாய்ச் சோதிப்பர். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அறிக்கை வேண்டப்படும். அது பெட்டியின் அடியிற் கிடப்பினும் தேடியெடுத்துக் கொண்டு செல்லுக.