காசநோய் தீர்ந்த பின்னும் கோழை ஏன்?

எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "காசநோய்க்கு ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மருந்து சாப்பிட்டேன். சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் காலையில் எழுந்தால் அரை தம்ளர் கோழை வருகிறதே, நோய் திரும்பிவிட்டதா?" கேட்பவரைவிட உடன் வந்திருக்கும் வீட்டாரின் முகத்தில் அச்சம் கூடுதலாக இருக்கும். வீட்டில் தட்டும் தம்ளரும் ஏற்கெனவே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். இதற்கு விடை காண, மூச்சுக்காற்று நுரையீரலுக்குள் செல்லும் வழியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கழுத்தின் முன்புறத்தில் விரல் வைத்தால் வளையம் வளையமாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழல். ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழல், மார்பெலும்புக்குப் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இவையே மூச்சுக்கிளைக்குழல்கள், மருத்துவர்கள் பிராங்கஸ் என்பார்கள். வலக்குழல் குட்டையானது, அகலமானது, ஏறக்குறைய நேராகக் கீழிறங்குவது. இடக்குழல் இதயத்துக்கு இடம் விட்டுச் சற்றுச் சாய்ந்து, ஏறத்தாழ இரு மடங்கு நீளமாகச் செல்கிறது. அதனால்தான் குழந்தைகள் தவறி உள்ளிழுத்துவிடும் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ வலப்பக்கத்தில் சிக்குவது மிகுதி.

இரு குழல்களும் மரக்கிளைபோல் மேலும் மேலும் பிரிகின்றன. மூச்சுக்குழலிலிருந்து காற்று நுண்ணறைகள்வரை ஏறத்தாழ 23 முறை கிளைத்தல் நிகழ்கிறது. பெரிய கிளைகளின் சுவரில் குருத்தெலும்பு உண்டு. எனவே அவை எளிதில் அமுங்கிவிடுவதில்லை. கடைக்கோடி நுண்குழல்களில் குருத்தெலும்பு கிடையாது, தசைதான் உண்டு. ஆஸ்துமாவில் இத்தசைகள் இறுகி வழி குறுகிப்போவது பலரும் அறிந்த செய்தி. நாம் இங்கே சொல்லவந்தது அதற்கு நேர்மாறான நிலையை, அதாவது குழல்கள் நிரந்தரமாக அகன்றுபோவதை.

அதற்கு முன் குழலின் உட்சுவரைப் பார்த்துவிடுவோம். அங்கே மெல்லிய சளிப்படலம் ஒன்று எப்போதும் பரவியிருக்கிறது. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. படலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக ஒரே திசையில் அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தொண்டைக்கு வந்து சேரும் சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நலமாக இருப்பவரின் உடலிலும் இரவுபகலாக இவ்வேலை நடக்கிறது. இது போதாதபோது துணைக்கு வருவதே இருமல்.

காசநோய்க் கிருமி இந்தச் சுவரையே அரித்துவிடக்கூடும். குருத்தெலும்பும் மீள்நாரும் அழிகின்றன, நுண்மயிர்கள் உதிர்கின்றன. புண் ஆறும்போது உருவாகும் தழும்பு சுருங்கி, குழலின் சுவரை வெளிப்புறமாக இழுக்கிறது. குழல் அகன்றுவிடுகிறது. வாய்க்காலின் கரை சரிந்து அகன்ற இடத்தில் நீரோட்டம் தளர்ந்து வண்டல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அப்படித்தான் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் வேறு கிருமிகள் பெருகுகின்றன. அவற்றால் அழற்சி, அழற்சியால் சுவருக்கு மேலும் சேதம், அதனால் மேலும் தேக்கம். இந்நோய்க்கு பிராங்கியெக்டேசிஸ் என்று பெயர். தமிழில் மூச்சுக்கிளைக்குழல் விரிவு நோய் எனலாம். ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1819ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதனை விவரித்திருக்கிறார். காசநோய் மட்டுமே காரணமன்று. குழந்தைப்பருவத்தில் வந்த கக்குவான், தட்டம்மை, கடுமையான நிமோனியா, நெடுநாள் சிக்கிக்கிடந்த அந்நியப்பொருள் ஆகியவையும் இதற்கு வழிவகுக்கலாம். காரணம் புலப்படாமலே போவதும் உண்டு.

ஆக, காலைக் கோழை என்பது காசநோய் திரும்பியதன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் திரும்பவில்லை என்று ஊகித்துவிடவும் கூடாது. சளியை மீண்டும் பரிசோதித்தே ஆக வேண்டும். மரபணுப் பரிசோதனை சில வேளைகளில் இறந்த கிருமிகளின் எச்சத்தையும் காட்டிவிடும்; அப்போது உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையே தெளிவு தரும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிகிறது என்பதை மட்டும் கொண்டு காசநோய் மருந்தை மறுபடி தொடங்குவதை நாங்கள் ஏற்பதில்லை. குழல் விரிவை உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் தேவைப்படும். குழல் விரிவு தொற்றுநோய் அன்று. காசநோயே காற்றின் வழிப் பரவுவதுதான்; தட்டும் தம்ளரும் அதைப் பரப்புவதில்லை. தனித்தட்டை வீட்டார் எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

அகன்ற குழலை மருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலாது. செய்யக்கூடியது, நுண்மயிர்கள் விட்ட வேலையை நாமே எடுத்துச் செய்வது. முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, அரை நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள். பிறகு மூன்று நான்கு முறை ஆழமாக மூச்சை இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, மெல்ல வெளிவிடுங்கள். மறுபடி அமைதியான மூச்சு. அடுத்து வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் 'ஹா' என்று ஒன்றிரண்டு முறை விசையோடு மூச்சை வெளியேற்றுங்கள். கோழை மேலே வந்ததும் ஒரு முறை இருமித் துப்பிவிடுங்கள். தொண்டை கிழிய இருமத் தேவையில்லை. அது களைப்பைத்தான் தரும். இச்சுற்றைப் பத்து முதல் இருபது நிமிடம்வரை, நாளுக்கு இரு வேளை, வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். மூச்சுக்குழலைத் தளர்த்தும் இன்ஹேலர் தரப்பட்டிருந்தால் அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில முறை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்து பழகுவது நல்லது. தலையைத் தாழ்த்திப் படுத்துச் செய்யும் முறைகளை இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தாமாகச் செய்யக்கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பெண்கள் பலர், குறிப்பாக இளம்பெண்கள், பிறர் முன் துப்பக் கூசி கோழையை விழுங்கிவிடுகிறார்கள், அல்லது இருமலை அடக்கிவிடுகிறார்கள். இருமலை நிறுத்தும் சிரப்பை மருந்துக்கடையில் தாமே வாங்கிக் குடிப்பவர்களும் உண்டு. இந்நோயில் இருமலை அடக்குவது வாசலைச் சாத்திவிட்டு வீட்டைப் பெருக்குவது போன்றது. காலையில் அவருக்கென்று கால்மணி நேரமும் ஓர் அறையும் மூடியுள்ள ஒரு பாத்திரமும் கிடைக்கும்படி வீட்டார் பார்த்துக்கொண்டால், அது ஒரு வேளை மருந்துக்கு ஈடு.

கோழையின் அளவு கூடினாலோ, மஞ்சள் பச்சையாக மாறினாலோ, காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தாலோ உடனே வாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். சென்ற முறை மிஞ்சிய மாத்திரைகளை விழுங்கிவிட்டு வந்தால், சளிப் பரிசோதனையில் கிருமி எது என்று கண்டறிவது கடினமாகிவிடுகிறது.

காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியைத் தாக்குவதால், அங்குள்ள கோழை தானாகவே கீழ்நோக்கி வடிந்துவிடுவதுண்டு. இத்தகையவர்களுக்குக் கோழை குறைவாக இருக்கும்; இரத்தம் கக்குவதே முதல் அறிகுறியாக அமையலாம். மூச்சுக்கிளைக்குழல்களுக்கு இரத்தம் தரும் தமனிகள் பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளைப்பவை. ஆதலால் அவற்றில் அழுத்தம் மிகுதி. கசிவு திடீரெனப் பெருகக்கூடும். கோழையில் கோடுபோல் இரத்தம் தெரிந்தால் மூச்சுப்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாய் நிறைய இரத்தம் வந்தாலோ நிற்காமல் வந்தாலோ 108க்கு அழையுங்கள். எந்தப் பக்க நுரையீரலில் பாதிப்பு என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மறுபக்க நுரையீரலுக்குள் இரத்தம் இறங்காதிருக்க அது உதவும். தொடையின் வழியாக நுண்குழாய் செலுத்தி, கசியும் தமனியை அடைக்கும் சிகிச்சை இன்று உண்டு.

புகைபிடித்தலும் விறகடுப்புப் புகையும் எஞ்சியிருக்கும் நுண்மயிர்களையும் செயலிழக்கச் செய்பவை. ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும், நிமோகாக்கஸ் தடுப்பூசியும் உங்களுக்கு ஏற்றவையா என்று அடுத்த வருகையின்போது கேளுங்கள். அன்று காலை எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து இருமி வெளிவரும் முதல் கோழையைப் பரிசோதனைப் புட்டியில் பிடித்து எடுத்துவாருங்கள். எச்சில் மட்டும் இருக்கும் புட்டியால் பயனில்லை.