வெளியிடங்களில் தங்குவோர்க்கு ஏற்ற கத்தியும் அதன் உருக்கும்

கிடை போட்டு ஆடுகளுடன் இரவில் தங்குவோரும், சோளக் காவலுக்குப் பரணில் படுப்போரும், மலைத்தோட்டங்களில் வேலை செய்வோரும் கையில் ஒரு கத்தியின்றிப் புறப்படுவதில்லை. கயிறு அறுக்கவும், முளை சீவவும், கிளை வெட்டவும், காய் நறுக்கவும் அவ்வொன்றே உதவ வேண்டும். கொல்லன் பட்டறை அருகில் இல்லாத இடத்தில் அது கெட்டால் வேலை நின்றுவிடும். வெட்டும்போது வாய் தெறித்தால் கண்ணுக்கும் கைக்கும் அபாயம். ஆகையால் கத்தி வாங்குவோர் பிடியின் அழகையும் அலகின் பளபளப்பையும் கண்டு மயங்காமல், அதன் உருக்கு எத்தகையது என்பதை முதலில் ஆராய்தல் அவசியம்.

உருக்கின் குணம்.- இரும்புடன் சிறிதளவு கரி சேர்ந்ததே உருக்காகும். நூற்றுக்கு 0.25 பங்குக்குக் குறைவாகக் கரியுள்ள மெல்லிரும்பை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்திக்கு வேண்டிய கடினத்தை அடையாது. கத்திக்குரிய சாதாரண உருக்கில் கரி சுமார் 0.5 முதல் 1 பங்கு வரை இருக்கும். கரி மிகுந்தால் கூர்மை நெடுநாள் நிற்கும். ஆயின் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை குறையும். ஆதலால் எல்லா வேலைக்கும் சிறந்த உருக்கு என ஒன்றில்லை. வேலையை அறிந்தே உருக்கைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மூவகை உருக்கு.- (1) வில்லுருக்கு: மோட்டார் லாரிகளின் வில்பட்டை இவ்வகையினது. இதிற் கரி சுமார் 0.5 முதல் 0.6 பங்கு, இத்துடன் சிலிக்கன், மாங்கனீஸ், குரோமியம் போன்றவை சேர்ந்திருக்கும். அதிர்ச்சியை நன்கு தாங்குமாதலால் கிளை வெட்டும் கனத்த கத்திக்கும் அரிவாளுக்கும் ஏற்றது. பழைய பட்டைகளிற் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் இருக்கக்கூடும். ஆகவே ஒடிந்த பட்டையைத் தவிர்த்தல் நலம்.

(2) மிகுகரி உருக்கு: 1095 என்னும் எண்ணால் வழங்கும் உருக்கில் கரி சுமார் 0.95 பங்கு உண்டு. சாதாரணச் சாணைக்கல்லிலேயே எளிதிற் கூர்மை ஏறும். சீவுதற்கும் அறுத்தற்கும் உரிய சிறு கத்திக்கு மிகப் பொருத்தமானது. ஈரத்தில் விரைவிற் துருப்பிடிப்பது இதன் குறை.

(3) துருவேறா உருக்கு: 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் குரோமியம் மிகுந்த இவ்வகை உருக்கை வார்த்தார். ஸ்வீடன் தேசத்து 12சி27 என்னும் வகையில் கரி சுமார் 0.6 பங்கும், குரோமியம் சுமார் 13.5 பங்கும் உள்ளன. மழையிலும் உப்புக்காற்றிலும் புழங்குவோர்க்கு இது உதவும். ஆயின் துருவேறாதவை யாவும் கத்திக்கு ஆகா. சமையற் பாத்திரங்கள் செய்யும் துருவேறாத் தகடு தோய்ச்சலாற் கடினமாவதில்லை. டி2 என்னும் உருக்கில் கரி சுமார் 1.5 பங்கு, கூர்மை நெடுநாள் நிற்குமெனினும், காட்டிற் கிடைக்கும் கல்லில் தீட்டுவது கடினம், கட்டைகளை ஓங்கி வெட்டினால் வாய் தெறிப்பதும் உண்டு.

தோய்ச்சல்.- நல்ல உருக்கும் தோய்ச்சல் தவறினாற் பயன்படாது. கரியுருக்கைக் காய்ச்சும்போது சுமார் 770 செல்சியஸ் டிகிரியில் அது காந்தத்தால் இழுக்கப்படாமற் போகும். அதற்குச் சற்று மேலான சூட்டில், உருக்கின் வகைக்கேற்ப எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் கடினமாகும். அந்நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையது. ஆகையால் மீண்டும் இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்து வெளுத்த பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றினாற் சூடு சுமார் 230 டிகிரி. இது சிறு கத்திக்கு ஏற்றது. நீலம் தோன்றினாற் சுமார் 300 டிகிரி. இது வெட்டுங் கத்திக்கு ஏற்றது. சாணைச் சக்கரத்தில் தீட்டும்போது வாயில் நீலம் படர்ந்தால், அவ்விடத்திற் கடினம் குறைந்துவிட்டதென்று அறிக.

சோதனை.- அரத்தை வாயில் மெதுவாகத் தேய்க்கவும். மெல்லிரும்பிற் பிடிப்பதுபோல் எளிதிற் பிடித்தால் கத்தி மென்மையானது. சிறிதும் பிடியாமல் வழுக்கினால், வெட்டுவதற்கு வேண்டியதினும் கடினமானது. பின்னர்க் காய்ந்த கிளையைப் பத்துத் தடவை வெட்டி, வாயை வெளிச்சத்திற் பார்க்கவும். மடிந்திருந்தால் மென்மை, பல் பெயர்ந்திருந்தால் மிகுகடினம். மென்மையாயுள்ள கத்தியைச் சாணையிற் பிடிக்கையில், பூப்போலக் கிளைத்துச் சிதறும் பொறிகள் பறக்குமாயின் அதிற் கரி உண்டு. கொல்லனிடம் மறுபடியும் தோய்த்துக்கொள்ளலாம். கிளைக்காத நீண்ட பொறிகளே தோன்றினாற் கரி குறைவு. அதனைத் திருத்த முற்படுவது வீண்செலவு.

பாதுகாப்பு.- எலுமிச்சை, மாங்காய் முதலியவற்றின் புளிப்பு கரியுருக்கை அரிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் பூசுக. ஈரத்துடன் தோலுறையிற் செருகி வைத்தலாகாது.

சுருங்கக் கூறின், வெட்டுவதே முக்கிய வேலையாயின் வில்லுருக்கும், ஈரத்திற் புழங்குவதாயின் துருவேறா உருக்கும், உலர்ந்த இடத்தில் தாமே தீட்டிக்கொள்வோர்க்கு மிகுகரி உருக்கும் கொள்ளத்தக்கவை. வசதியுள்ளோர், வெட்ட ஒன்றும் அறுக்க ஒன்றுமாக இரண்டு கத்திகள் வைத்துக்கொண்டால் இரண்டும் நெடுங்காலம் உழைக்கும்.