எந்த உறுப்பை மாற்றுவது?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அவ்வீட்டுச் சிறுவன், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் தந்த பணத்தை ஈராண்டுகளாகச் சேர்த்திருந்தான். அவனது கணினியில் விளையாட்டு விட்டுவிட்டு ஓடியது. ஆகவே, கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையைப் புதிதாக வாங்க விரும்பினான். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலைக்குப் புறப்பட்ட அவனை அக்கா நிறுத்தினாள்.

“தம்பி, குறை எந்த உறுப்பில் உள்ளது என்று அறிந்தாயா?”

“என் நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் மாற்றினார்கள், அக்கா.”

“அவர்கள் உண்ட மருந்து உன் நோயைத் தீர்க்குமா?” என்று கேட்டுவிட்டு, அக்கா விளக்கினாள்.

விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடியே. அதற்குள், பிராசசர் எனப்படும் செயலி யார் எங்கே நகர்வது, பந்து எங்கே விழுவது என்று கணக்கிட்டு ஆணையிடும். வரைகலை அட்டை அக்காட்சியை வரையும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தளர்ந்தாலும் வண்டி மெதுவாகவே செல்லும். இவ்விரு உறுப்புகளும் அத்தகையனவே.

பின்னர் இருவரும் ஒரு சோதனை செய்தனர். திரை அளவு 1920 × 1080 ஆக இருந்தபோது, வரைய வேண்டிய படப்புள்ளிகள் 20,73,600. அப்போது நொடிக்கு 40 படங்கள் தோன்றின. அளவை 1280 × 720 ஆகக் குறைத்தனர். படப்புள்ளிகள் 9,21,600 ஆயின. வரையும் வேலை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஆயினும், அதே காட்சியில் 41 படங்களே தோன்றின.

“வேலை குறைந்தும் வேகம் கூடவில்லையே! அப்படியானால் தளர்ந்திருப்பது செயலிதானா?” என்று தம்பி வியந்தான்.

“ஆம். படங்களின் எண்ணிக்கை நன்கு உயர்ந்திருந்தால், குறை வரைகலை அட்டையில் என்று கொள்ளலாம். இன்னும் ஒன்று: புதிய செயலி நம் மதர்போர்டில் பொருந்த வேண்டும். இல்லையேல் மதர்போர்டையும், சில வேளைகளில் ரேமையும் மாற்ற நேரிடும். வரைகலை அட்டையை மாற்றுவோரும் மின்வழங்கி அதனைத் தாங்குமா என்று பார்த்தல் வேண்டும்.”

செலவையும் பயனையும் ஆராய்ந்த பின்னரே ஒரு செயலில் இறங்க வேண்டும் என்று திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம் கூறுகிறது. தம்பி மதர்போர்டின் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டான். அதன்பின் இருவரும் எஸ்.பி. சாலைக்குப் பேருந்து ஏறினர்.

சொற்பொருள்
செயலி – கணக்கிட்டு ஆணையிடும் உறுப்பு
படப்புள்ளி – திரையில் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய புள்ளி
தளர்தல் – வலிமை குறைதல்

வினாக்கள்
1. அக்கா தம்பியை ஏன் நிறுத்தினாள்?
2. செயலியும் வரைகலை அட்டையும் செய்யும் வேலைகள் யாவை?
3. வேறொரு கணினியில் திரை அளவைக் குறைத்தபோது படங்கள் 30இலிருந்து 55ஆக உயர்ந்தன. எந்த உறுப்பை மாற்றலாம்? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டில் ஆராய்ந்து வாங்கிய ஒரு பொருளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.