பெடல் வாங்கும் முன் கால் இறங்கப் பழகுங்கள்

பாதத்தைப் பெடலோடு பூட்டிவிடும் கிளீட் ஷூவைப் புதிதாக மாட்டியவர் பெரும்பாலும் மலை இறக்கத்தில் விழுவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில்தான் விழுகிறார். வேலூர்–போளூர் சாலையில் சந்தவாசல் கடைத்தெருவைக் கடக்கும்போது முன்னால் ஒரு பஸ் நின்றுவிடும். பிரேக் பிடிப்பார், சைக்கிளும் நிற்கும், பாதம் மட்டும் பெடலை விட்டு வராது. வேகமே இல்லாமல், வேர் அறுந்த மரம்போல் பக்கவாட்டில் சாய்வார். முழங்கைச் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். மனசில் உட்கார்ந்த பயம் ஆற மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே ரோடு பைக் வாங்குகிறவர் சட்டத்தின் எடையைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது பெடலுக்கு ஒதுக்க வேண்டும்.

சட்டத்தில் பார்க்க வேண்டியது அளவு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பழகியது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தரப்படும் விலையில்லா மிதிவண்டியும் அந்த வகைதான். அதிலிருந்து நேராகப் பந்தயச் சட்டத்துக்குத் தாவினால் கழுத்தும் இடுப்பும் ஒத்துழைக்காது. ‘எண்டூரன்ஸ்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் ஹேண்டில் பார் சற்று உயரமாகவும் உடம்புக்கு அருகிலும் இருக்கும்.

சீட்டின் உயரத்தை வைப்பது எளிது: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். அதன்பின் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் தேவையான அளவுக்கு மடங்கியிருக்கும்.

டயர் 28 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 32 நுழையும் சட்டமானால் இன்னும் மேல். படவேடு, செண்பகத்தோப்பு அணைப் பக்கமெல்லாம் போகிறவருக்கு மெல்லிய டயரால் ஒரு லாபமும் கிடையாது. ரோடு பைக் டியூபில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டு வைத்தால் வழியில் தவிக்க வேண்டியதில்லை.

கியரில் கஞ்சத்தனம் கூடாது. சந்தவாசலிலிருந்து தெற்கே போளூர் போய், மேற்கே திரும்பி ஜமுனாமரத்தூர் மலைச்சாலையைப் பிடிக்க ஆசைப்படுபவருக்கு முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள சேர்க்கை தேவை. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும், அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகம். மலையில் மூச்சு வாங்காமல் ஏற அதுவே போதும். பின்பல் 28 வரைதான் என்றால் அதே மிதிக்கு 9 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். முழங்கால்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இனி பெடல்.

முதல் மூன்று மாதம் தட்டைப் பெடல்தான். இதில் பேரத்துக்கு இடமில்லை. ஊசி முனைகள் வரிசையாக நிற்கும் அகலமான தட்டைப் பெடலும் சாதாரண ரப்பர் அடி ஷூவும் இருந்தால் மழையிலும் பாதம் வழுக்காது. ஒரு கையால் ஓட்டுவது, திரும்பிப் பார்ப்பது, அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட நெல்லைச் சுற்றி வளைப்பது, குறுக்கே வரும் ஆட்டு மந்தைக்கு நிற்பது எல்லாம் யோசிக்காமலே வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். தட்டைப் பெடலிலேயே ஆயுள் முழுக்க ஓட்டினாலும் ஒரு குறையும் இல்லை.

கிளீட் வேண்டும் என்பவர் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பனிச்சறுக்குப் பலகையில் காலணியைப் பிணைக்கும் பொறிகளைச் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984இல் அதே நுட்பத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். பனிச்சறுக்கில் கால் திருகினால் பொறி விட்டுவிடும். பெடலிலும் திருகினால்தான் விடும். பதற்றத்தில் கால் மேலே இழுக்கத்தான் பார்க்கும். மேலே இழுக்கும் விசையைத் தாங்கவே பொறி செய்யப்பட்டிருக்கிறது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இதைத் தலை புரிந்துகொண்டால் போதாது, காலுக்குப் பழக வேண்டும்.

எந்தக் கிளீட்? ஷிமானோ 1990இல் கொண்டுவந்த, இரண்டு போல்ட் வைத்த எஸ்.பி.டி. வகை. கிளீட் ஷூவின் அடியில் உள்வாங்கி இருப்பதால் டீக்கடைத் தரையில் சாதாரணமாக நடக்கலாம். மூன்று போல்ட் வைத்த பெரிய பிளாஸ்டிக் கிளீட் பந்தயக்காரர்களுக்கானது. சிமென்ட் தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும். எஸ்.பி.டி.யிலும் பல திசைகளில் விடும் எஸ்.எச்.56 கிளீட்டைக் கேட்டு வாங்குவது புதியவருக்கு நல்லது. பெடலில் உள்ள சிறு திருகாணியை அலன் கீயால் திருப்பிப் பிடிமானத்தை ஆகக் குறைவான நிலையில் வைத்துவிட வேண்டும்.

பிறகு பயிற்சி. சுவரில் ஒரு கையை ஊன்றி, வண்டி நகராமல், மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒவ்வொரு காலுக்கும் 50 முறை. அடுத்து புல்தரையில். அதன்பின்தான் சாலை. நிற்கப்போகும் இடத்துக்கு 20 மீட்டர் முன்னாலேயே இடது காலைக் கழற்றிவிட வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது கால் ஊன்றினால் உடம்பு சாலை ஓரத்துக்குச் சாயும், வலது கால் ஊன்றினால் லாரி வரும் பக்கம் சாயும். கழற்றிய கையோடு இலகுவான கியருக்கும் மாறிவிட்டால் மறுபடி கிளம்பத் தள்ளாட வேண்டாம். ஊர் எல்லை, வேகத்தடை, பஸ் நிறுத்தம் எங்கே வந்தாலும் இடது கால் வெளியே. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பெடலைப் பூட்டும்போது பலர் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. எந்தப் பக்கமானாலும், அச்சின் மேற்பகுதி முன்சக்கரத்தை நோக்கிச் சுழன்றால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கிச் சுழன்றால் கழலும். மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கையால் போகாததை ஸ்பானரால் அழுத்தினால் கிராங்கே வீணாகும்.

வாங்கிய பின்னும் கையில் பணம் மிச்சமிருந்தால் ஹெல்மெட்டுக்கும் பின்விளக்குக்கும் நல்ல டயருக்கும் செலவிடுங்கள். கிளீட் ஷூ அடுத்த பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம்.