முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு ஊசி

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு எலக்ட்ரோ அக்குபங்சர் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிற குடும்பம் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம். குத்திய ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்துடிப்பை அனுப்பும் முறைதான் எலக்ட்ரோ அக்குபங்சர். நோட்டு எதற்கு? அடிபட்ட தண்டுவடம் முதல் ஆறேழு மாதங்களில் தானாகவே ஓரளவு தேறும். பிறகு வேகம் குறைந்து, ஒன்றரை வருடத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் எந்த வைத்தியம் செய்தாலும் அதனால்தான் தேறியது என்றே தோன்றும். எவ்வளவு தேறும் என்பது காயத்தின் தரத்தைப் பொறுத்தது. அதை அளக்கும் ஏஷியா அளவுகோலில் ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள். ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வோ இயக்கமோ இல்லாத ஏ தரத்தில், பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் ஒரு வருடம் கழித்தும் அதே தரத்தில் இருப்பார்கள்; சி தரத்திலோ பாதிக்கு மேற்பட்டோர் அடுத்த தரத்துக்கு ஏறுவார்கள். ஆகவே முதல் வேலை, மறுவாழ்வு மருத்துவரிடம் இன்றைய தரத்தை எழுதி வாங்குவது.

அடுத்தது, எதற்காகச் செய்கிறோம் என்று முடிவு செய்வது. நடக்க வைக்கும் என்பவர்கள் பெரும்பாலும் தைவானில் செய்து 2003இல் வெளியான ஆய்வைக் காட்டுவார்கள். ஏ, பி தரத்தில் இருந்த 100 பேர். அவசர சிகிச்சைப் பிரிவிலோ அறுவைக்குப் பிறகு உடனேயோ சிகிச்சை தொடங்கியது. ஒரு வருடம் கழித்து உணர்விலும் இயக்கத்திலும் சிகிச்சை பெற்றவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிச் சிகிச்சைகூடத் தரப்படவில்லை. கை கால்களில் வைத்ததும் ஊசியல்ல, தோலில் ஒட்டும் மின்முனைகள்! ஊசிக்கு எப்படிப் போலி வைப்பது என்று கேட்கலாம். வைக்க முடியும். சீனாவில் 504 பெண்களிடம் சிறுநீர்க் கசிவுக்காகச் செய்த ஆய்வு, 2017இல் வெளியானது. அதில் பாதிப் பேருக்குத் தோலைத் துளைக்காத மழுங்கிய ஊசி. அசல் ஊசி பெற்றவர்களுக்குக் கசிவு தெளிவாகக் குறைந்தது. அவர்களுடைய தண்டுவடம் பழுதில்லாதது என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எனவே நடையை இலக்காக வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிறுநீர்ப்பை, தசை இறுக்கம், வலி ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததை அளந்து எழுத வேண்டும். சிறுநீர்ப்பை என்றால் ஒரு நாளில் கதீட்டர் போடும் தடவை, கசிவு, ஸ்கேனில் தெரியும் மிச்சச் சிறுநீர். இறுக்கம் என்றால் கால் வெட்டி இழுக்கும் தடவை, அது தூக்கத்தைக் கெடுத்த இரவுகள். சிகிச்சைக்கு முன்பே இரண்டு வாரம் எழுதிவிடுங்கள். இந்த நாட்களில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவை மாற்றினால் கணக்கு குழம்பும். கதீட்டரை நீங்களாகக் குறைத்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. சிகிச்சையாளரிடம் துடிப்பின் வேகத்தையும் கேட்டு எழுதுங்கள். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் குழுவினர் செய்த ஆய்வுகளின்படி வலியைத் தணிக்க உடலே சுரக்கும் பொருட்களில், 2 ஹெர்ட்ஸ் என்கெஃபலினையும், 100 ஹெர்ட்ஸ் டைனார்ஃபினையும் சுரக்க வைக்கிறது. வேகம் மாறினால் மருந்தை மாற்றியதுபோல.

படுக்கையில் கிடத்திய பிறகுதான் உண்மையான கவனம் தேவை. மற்றவர்களுக்கு ‘சுருக்கென்று தெரிகிற வரை’ மின்சாரத்தைக் கூட்டுவார்கள். மரத்துப்போன காலுக்கு அந்த அளவுகோல் செல்லாது. தசை லேசாகத் துடிப்பதைக் கண்ணால் பார்த்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். மேல் முதுகில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். படுக்கைப்புண் அருகே ஊசி கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரமே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். குத்திய ஊசிகளை எண்ணி, எடுத்தவற்றையும் எண்ணுங்கள். உடம்பில் ஒன்று தங்கிவிட்டால் அவருக்குத் தெரியாது.

ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயம் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. கீழே ஏற்படும் தூண்டுதலால் ரத்த அழுத்தம் திடீரென எகிறும். இவர்களில் பலருக்கு மேல் அளவு சாதாரணமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். 130 என்பது அவர்களுக்கு அபாயம். சிறுநீர், மலம் கழித்த பிறகே படுக்க வையுங்கள். முன்பும் நடுவிலும் அழுத்தம் பாருங்கள். மேல் அளவு வழக்கத்தைவிட 20க்கு மேல் ஏறினாலோ, தலை வலித்து முகம் வியர்த்தாலோ மின்சாரத்தை நிறுத்தி, ஊசிகளை எடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம் என்பார்கள். பிசியோதெரபி நேரம் போனால் அது நஷ்டம்தான். ஊசியை அந்த நேரத்துக்கு வெளியே வையுங்கள். 2017 ஆய்வில் நடந்ததுபோல ஆறு வாரத்தில் 18 அமர்வுகள் வையுங்கள்; பிறகு நீங்களாக இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். அந்த இரண்டு வாரமும் எழுதுங்கள், சிகிச்சையாளர் அல்லாத ஒருவர் கையால். ஊசி இல்லாத நாட்களிலும் எண்கள் மாறாமல் நின்றால், அடுத்த 18க்குப் பணம் கட்ட வேண்டாம்.